கிளிநொச்சியில் படகுக் குசனையும் கன்வஸையும் கழுவிக் காக்கும் ஒரு பட்டறை

இரணைமாதாநகர்க் கரையிலிருந்து இரணைதீவுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்லும் 23 அடி பைபர் படகொன்று என்னிடம் இருக்கிறது. முதியவர்களும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் வெறும் பலகையில் அமர்ந்து அலையின் அடியைத் தாங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், மூன்று வருடங்களுக்கு முன் இருக்கைகளுக்கு ரெக்சின் குசனும், வெயிலுக்கு ஒரு கன்வஸ் கூரையும், படகு கரையில் கிடக்கும்போது முழுவதையும் மூடுவதற்கு ஓர் உறையும் செய்வித்தேன். இந்த வருடம் சோளகக் காற்று ஓயும் தறுவாயில், ஓகஸ்ட் கடைசியில், அவை எல்லாவற்றையும் அவிழ்த்து, பூநகரி, பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் ஒரு குசன் பட்டறையில் கொடுத்தேன். ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில், முச்சக்கரவண்டி இருக்கைகள் தைக்கும் சிறிய இடம் அது. தம் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

அவரிடம் எனக்கு நம்பிக்கை வந்தது அவர் செய்த முதல் வேலையிலேயே. விலை பேசுவதற்கு முன்பு உறையின் ஓரத்தில் ஒரு நூலையும் கூரையின் ஓரத்தில் ஒரு நூலையும் உருவியெடுத்து, தீக்குச்சியைக் கிழித்து இரண்டையும் தனித்தனியே எரித்துப் பார்த்தார். உறையின் நூல் கடதாசி எரிவதுபோல் எரிந்து, விரலால் தொட்டதும் உதிரும் சாம்பலானது. கூரையின் நூல் சுருண்டு உருகி, முனையில் மிளகளவு கறுப்பு மணியாக இறுகியது. இரண்டும் ஒரே கன்வஸ் என்றுதான் நான் மூன்று வருடமாக நினைத்திருந்தேன். உறை பருத்தி, கூரை அக்ரிலிக் என்னும் செயற்கை நார். “இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்யக்கூடாது, அண்ணை” என்றார்.

காரணம் எளிது. பருத்தி தாவர நார் என்பதால் பூஞ்சணம் அந்த நாரையே தின்னும். அக்ரிலிக்கைப் பூஞ்சணம் தின்னாது, அதன்மேல் படிந்திருக்கும் அழுக்கைத் தின்றே வளரும். ஆகவே அக்ரிலிக் துணியில் கறுப்புப் புள்ளி விழுந்தால், நான்கு லீற்றர் தண்ணீருக்கு ஒரு கோப்பை குளோரின் வெளிற்றும் திரவமும் கால் கோப்பை மென்மையான சவர்க்காரமும் கலந்து தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, மெதுவாகத் தேய்த்து, மணம் போகும்வரை நல்ல தண்ணீரில் அலசலாம். அதே கலவையைப் பருத்தியில் ஊற்றினால் நார் நலிந்து, அடுத்த காற்றில் கிழியும். பருத்தி உறையை அவர் முதலில் நிழலில் உலரவைத்து, காய்ந்த தூரிகையால் மண்ணையும் உப்பையும் தட்டி, பிறகு குளிர்ந்த தண்ணீரால் மட்டும் கழுவினார். சலவைத் தூள் அதிலுள்ள மெழுகுக் காப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும் என்பதும், சுடுநீர் துணியைச் சுருக்கிவிடும் என்பதும் அவர் சொன்ன காரணங்கள்.

ரெக்சின் விடயத்தில் தவறு என்னுடையது. சென்ற வருடம் குசன்களில் படிந்த கறையைப் போக்க வெளிற்றும் திரவத்தை நேராகவே ஊற்றி, போகாத இடத்தைப் பெயின்ற் கரைக்கும் தின்னரால் துடைத்தேன். அன்று பளிச்சென்று வெளுத்தது. இரண்டு மாதத்தில் மடிப்புகளில் காய்ந்த குளத்துச் சேறுபோல் வெடித்தது. ரெக்சின் என்பது துணியின்மேல் பூசிய பிவிசி. அதை வளையச் செய்வது அதற்குள் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருள்தான். தின்னரும் பெற்றோலும் அந்தப் பொருளை இழுத்தெடுத்துவிடுகின்றன. வெயிலின் கழியூதாக் கதிரும் அதே கேட்டைச் சற்று மெதுவாகச் செய்கிறது. வெடித்த குசனைத் திருத்த முடியாது என்று அவர் ஒரே வார்த்தையில் சொல்லி, அதற்குப் பணம் கேட்காமல் ஒதுக்கி வைத்தார்.

வேறு இரண்டு குசன்களில் இளஞ்சிவப்பாக ஒரு கறை பரவியிருந்தது. யாரோ வெற்றிலை துப்பியதாகவோ பழரசம் ஊற்றியதாகவோ நான் எண்ணியிருந்தேன். அவர் அடிப்பலகையின் பக்கம் துணியைப் பிரித்து, உள்ளேயிருந்த ஸ்பொஞ்சைப் பிழிந்து காட்டினார். பழுப்புத் தண்ணீர் வழிந்தது, ஈரச்சாக்கு நாற்றமும் வந்தது. கறை மேலிருந்து விழுந்ததல்ல. தையல் வழியாக உள்ளே இறங்கிய தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள் ஒரு சாயத்தை வெளிவிடுகின்றன. அது ரெக்சினின் பிவிசிக்குள் கரைந்து மேலே தெரிகிறது. அதை எந்தச் சவர்க்காரமும் எடுக்காது. துணியையும் ஸ்பொஞ்சையும் மாற்றுவதே வழி என்றார். நான் ஸ்பொஞ்சை மட்டும் மாற்றச் சொன்னேன். கறை இன்னும் இருக்கிறது, நாற்றம் இல்லை. அடிப்பலகையில் தண்ணீர் வடிய நான்கு துளைகள் இட்டதும், துருப்பிடித்த கம்பி ஊசிகளைக் கழற்றித் துருப்பிடிக்காத உருக்கு ஊசிகளை அடித்ததும் அவர் தாமாகவே செய்த வேலைகள். மற்றக் குசன்களை மென்சவர்க்கார நீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைத்து, வெயில் காக்கும் பூச்சொன்று பூசித் தந்தார்.

கன்வஸ் காய்ந்த பிறகே காப்பு ஏறும் என்பதால் மூன்று நாள் வெயிலில் விட்டு, பருத்திக்கு மெழுகுக் கலவையைத் தேய்த்தும், அக்ரிலிக்குக்கு நீர்விலக்கியைத் தெளித்தும் கொடுத்தார். நான் எடுக்கப் போனபோது கூரையின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். சேம்பிலையில் நிற்பதுபோல் அது உருண்டு திரண்டு, துணியைச் சற்றுச் சரித்ததும் ஒரு சொட்டும் ஒட்டாமல் ஓடியது. ‘தறப்பாள் போட்டால் மலிவுதானே’ என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தறப்பாளின் கீழ் வருடக்கணக்கில் வாழ்ந்த வன்னி மக்களுக்கு அதன் குணத்தைச் சொல்லித் தரத் தேவையில்லை: இரவில் உட்புறம் வியர்த்துச் சொட்டும், வெயிலில் வெளுத்து நார்நாராக உரியும். நல்ல கன்வஸ் தண்ணீரைத் தடுத்தாலும் காற்றை விடும். கீழேயுள்ள குசன் புழுங்காமல் இருப்பது அதனால்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பத்து நாளில் தருவதாகச் சொன்ன வேலைக்கு மூன்று வாரம் எடுத்தது. அவ்வளவு நாளும் படகு மூடாமல் கிடந்தது. குளிர்ந்த நீரில் கழுவியும் பருத்தி உறை நீளவாட்டில் இரண்டு அங்குலம் சுருங்கி, படகின் முன்முனையான அணியத்தில் கடைசி வளையம் கொக்கிக்கு எட்டவில்லை. சுருங்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார் என்றாலும், ஒரு துண்டு கயிறு கட்டித் தந்திருக்கலாம். கூரையின் நடுத்தையலில் முதல் மழையிலேயே சொட்டு விழுந்தது. பருத்தி நூல் நனைந்தால் ஊதி ஊசித்துளையை அடைத்துவிடும். பொலியெஸ்ரர் நூல் அப்படி ஊதாது. ஆகவே தையலின்மேல் மெழுகு தேய்க்க வேண்டும், அந்த ஒரு வரியில் தேய்க்காமல் விட்டிருந்தார். நானே மெழுகுக் கட்டியைத் தேய்த்துச் சரிசெய்தேன். மொத்தச் செலவு 18,500 ரூபாய். புதிதாகத் தைப்பதற்குக் கேட்ட விலையில் இது கால்வாசிக்கும் குறைவு.

அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது பனிச்சங்காயின் நினைவு வந்தது. பருத்தி வலை போட்ட காலத்தில் எங்கள் பெரியவர்கள் பனிச்சங்காயை இடித்து, அந்தச் சாற்றில் வலையைத் தோய்த்துக் காயவைப்பார்கள். அதன் துவர்ப்பு நாரை உக்கவிடாமல் காத்தது. நைலோன் வலை வந்தபின் அந்த வேலை மறைந்துவிட்டது. பருத்தி உறை வைத்திருப்பவர்கள் அதை இன்றும் செய்து பார்க்கலாம் என்பது என் எண்ணம். துணி செம்பழுப்பாகும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குசனையும் கூரையையும் நல்ல தண்ணீரால் அலசுகிறேன். துணியில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் பளிங்குகள் நாரையும் அறுக்கும். எங்கள் கிணறு சற்றுச் சவர் என்பதால், பீலியில் பிடிக்கும் மழைநீரை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். உறையின் நடுவே ஒரு கழியை நட்டு உயர்த்தியதால் தண்ணீர் தேங்குவதில்லை. நனைந்த கன்வஸை மடித்து வைப்பதில்லை.

இந்தப் பட்டறைக்குக் கொடுக்க விரும்புபவர்கள் செப்டெம்பருக்குள் கொண்டுபோவது நல்லது. மழை தொடங்கிவிட்டால், காயவைக்க வெயில் இல்லை என்று சொல்லிப் பருத்திக் கன்வஸைத் தை மாதம் வரை அவர் கையில் எடுப்பதில்லை.