நண்டு வாடிக் கணக்கு: சந்தா ஆப்பா, பில் புக்கும் வாட்ஸப்புமா?

தேவிபட்டினத்துக்கு வடக்கே, பாக் விரிகுடா கரையில் நாங்கள் நடத்துவது சின்ன நண்டு வாடி. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் நீலக்கால் நண்டை எடைபோட்டு வாங்கி, ஐஸ் போட்டு, மண்டபம் பக்கத்துக் கம்பெனிக்கு வண்டி ஏற்றிவிடுவதுதான் வேலை. கம்பெனி அவித்துச் சதையெடுத்து டப்பாவில் அடைக்கிறது. சரக்கில் பெரும்பகுதி அமெரிக்கா போகிறது. அங்கே வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் விலையோடு சேர்த்து வேறு சில கேள்விகளும் கேட்கிறார்கள்: எந்தக் கரை, எந்தப் படகு, முட்டை சுமக்கும் சினை நண்டு எத்தனை, வளராத பொடி நண்டு எவ்வளவு? கடலில் நண்டு மிச்சம் இருக்குமா என்பதுதான் கேள்வியின் அடிப்படை. அதைக் கேட்பதில் தப்பே இல்லை.

இந்தக் கணக்கை வைக்க எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, மாதச் சந்தா கட்டி வாங்கும் ஆப். டேப்லெட்டில் பதிவு, பெட்டிக்குப் பெட்டி கியூஆர் ஸ்டிக்கர், ‘பிளாக்செயினில் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பதிவேடு) ஏறிவிடும், யாரும் மாற்ற முடியாது’ என்ற உறுதிமொழி. இன்னொன்று, தராசுப் பக்கத்தில் ஒரு பில் புக், சாயங்காலம் அதைப் பார்த்து கூகுள் ஷீட்டில் ஏற்றுவது, படகுக்காரருக்கு வாட்ஸப்பில் சீட்டு அனுப்புவது. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவதில் நிற்கிறோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை.

செலவில் எது மலிவு என்று சொல்லத் தேவையில்லை. அழகில் ஆப்தான். கரையில் சிக்னல் போய்ப் போய் வரும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆப் ஆஃப்லைனிலும் ஓடியது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது: தினமும் பதிவு போடுகிறவர் யார், அவருக்கு அதில் என்ன கிடைக்கிறது?

இந்தக் கடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பது ஏற்பாடு. நாட்டுப்படகு நாளில் விடிந்ததும் வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். தராசில் நிற்கும் பையனுக்கு முன்னால் ஆள் வரிசை, காலடியில் நண்டுப் பெட்டிகள், கையெல்லாம் உப்புத் தண்ணீர். ஈர விரலுக்கு டேப்லெட் திரை சொன்ன பேச்சு கேட்காது. 3 தொட்டால் 6 விழும். ‘சினை நண்டு எண்ணிக்கை’ என்ற கட்டத்தை நிரப்பாமல் ஆப் அடுத்த பக்கத்துக்கு விடாது. பையன் என்ன செய்வான்? 0 போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவான். மாதக் கடைசியில் வந்த வரைபடத்தைப் பார்த்தால், எங்கள் கரையில் சினை நண்டே பிடிபடவில்லை! வாங்குகிறவர் பார்த்திருந்தால் பாராட்டுக் கடிதமே அனுப்பியிருப்பார்.

பில் புக்கில் அவசரத்தில் எண்ணாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும். காலி என்றால் ‘எண்ணவில்லை’. 0 என்றால் ‘எண்ணினோம், இல்லை’. கடலைக் காப்பாற்ற நினைக்கிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றாகிவிட்டால் மொத்தக் கணக்கும் பாழ். ஆப்பில் அப்படி ஏறிய பொய்யை யாராலும் மாற்ற முடியாது என்பது பெருமையா, தொல்லையா? பில் புக்கில் இன்னொரு வசதி, ஓரத்தில் கிறுக்கலாம். சினை மஞ்சளா கறுப்பா என்று எங்கள் பையன் ‘ம’, ‘க’ போடுகிறான். கறுத்த சினை சீக்கிரம் பொரியப்போவது. அது எந்த மாதத்தில் அதிகம் வருகிறது என்பது வெறும் எண்ணிக்கையைவிடப் பயனுள்ள தகவல். ஆப்பில் அதற்குக் கட்டமே கிடையாது.

கணினிப் பயன்பாட்டு ஆராய்ச்சியில் இதற்குப் பதில் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் ஜொனதன் கிரூடின் 1988இல் சொன்னது: பலர் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருள் தோற்பதற்கு ஒரு முக்கியக் காரணம், கூடுதல் வேலை ஒருவர் தலையில் விழுகிறது, பலன் இன்னொருவருக்குப் போகிறது. அவர் பேசியது அலுவலக மென்பொருளைப் பற்றி. ஆனாலும் எங்கள் தராசுப் பையனுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது. அடுத்த வருடம் ஃப்ரெட் டேவிஸ் என்ற இன்னொரு ஆய்வாளர், ஒரு கருவியை மக்கள் கையாள்வது எதைப் பொறுத்தது என்று அளந்து பார்த்தார். ‘சுலபமாக இருக்கிறதா’ என்பதைவிட ‘எனக்கு உபயோகப்படுமா’ என்பதே கனமாக நின்றது. ஆப்காரர்களோ பட்டனைப் பெரிதாக்கினார்கள், தமிழில் எழுத்து போட்டார்கள். உபயோகம் யாருக்கு என்பது அப்படியே இருந்தது.

பெரிய இடத்துக் கதையும் உண்டு. மெர்ஸ்க் கப்பல் கம்பெனியும் ஐபிஎம்மும் 2018இல் தொடங்கிய டிரேட்லென்ஸ், கன்டெய்னர் போக்குவரத்தை பிளாக்செயினில் கோக்கும் திட்டம். 2022 கடைசியில் மூடப்போவதாக அறிவித்தார்கள். தளம் உருவாகிவிட்டது, ஆனால் தொழிலில் இருக்கும் எல்லாருடைய முழு ஒத்துழைப்பும் கிடைக்கவில்லை என்பதுதான் அவர்களே சொன்ன காரணம்.

சரி, பில் புக்கில் மட்டும் பையனுக்கு என்ன லாபம்? முதலில் ஒன்றுமில்லைதான். படகுக்காரருக்கு லாபம் வைத்தோம், அதில்தான் நிலைமை திரும்பியது. எங்களிடம் வரும் படகுகளில் பல முன்பணம் வாங்கியவை. அவர்களுக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது ‘பாக்கி எவ்வளவு’ என்ற கேள்வி. இப்போது எடை, விலை, முன்பணத்தில் கழிந்தது, மிச்சம் எல்லாம் எழுதிய சீட்டைப் படம் பிடித்து அன்றைக்கே அனுப்பிவிடுகிறோம். அதே சீட்டில்தான் சினை, பொடி எண்ணிக்கையும் இருக்கிறது. சீட்டு வராவிட்டால் அவர்களே போன் அடிக்கிறார்கள். ‘தம்பி, சினை ரெண்டு இருந்துச்சு, நீ எழுதல’ என்று சொன்னவரும் உண்டு. இப்படி ஒரு சரிபார்ப்பை எந்தச் சந்தாவும் தராது.

கேரள மத்தி மீனவர்கள் செல்போன் வந்தபின் எந்தத் துறையில் விலை நன்றாக இருக்கிறது என்று கேட்டுக் கரை சேர்ந்ததையும், விற்காமல் வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமல் போனதையும் பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். போனை யாரும் அவர்கள்மேல் திணிக்கவில்லை. அன்றைக்கே காசு தெரிந்தது, எடுத்துக்கொண்டார்கள். அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. முன்பணம் வாங்கிய படகு, விலை கூடுதலாகக் கிடைக்கிறதென்று வேறு வாடிக்குப் போக முடியாது. அதனால் எங்கள் ஆட்களுக்கு விலைச் செய்தியைவிட பாக்கிச் செய்திதான் பெரிது.

ஆப் பக்கமும் நியாயம் உண்டு. பத்துப் பதினைந்து வாடியிலிருந்து சரக்கு எடுக்கிற கம்பெனிக்கு எங்கள் கிறுக்கல் உதவாது. ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம்: சட்டப்படிதான் பிடித்தது என்று காட்டும் பிடிப்புச் சான்றிதழ் அங்கே 2010இலிருந்தே கட்டாயம், 2026 ஜனவரியிலிருந்து இறக்குமதியாளர்கள் அதை ‘கேட்ச்’ என்ற இணைய முறையில் ஏற்றியாக வேண்டும். அந்த வரிசையில் நிற்கிறவருக்கு நான் பில் புக்கைச் சிபாரிசு செய்ய மாட்டேன். எங்கள் பில் புக்கை வெளி ஆடிட்டர் யாரும் இதுவரை புரட்டவில்லை; புரட்டினால் என்ன சொல்வாரோ, எனக்கு அனுபவமில்லை. ஆப்பையும் நாங்கள் வாடைக்காலத்தில்தான் (வடகிழக்குக் காற்று) ஓட்டினோம். கச்சான் (மேல்காற்று) காலத்தில், கூட்டம் குறைந்த கரையில், அது ஒழுங்காகவே நடந்திருக்கலாம்.

ஆப் எடுத்தே தீருவது என்றால் பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: நிறுத்தும்போது பழைய பதிவை எக்செல்லாகத் தருவீர்களா? எங்களுக்குக் கடைசியில் வந்தது பிடிஎஃப். அதைப் பார்த்துப் பார்த்து வீட்டில் உட்கார்ந்து தட்டியது என் மனைவி.

பில் புக் என்றால் கார்பன் வைத்ததாக வாங்குங்கள், ஒரு தாள் படகுக்கு, ஒரு தாள் வாடிக்கு. சினைக்கும் பொடிக்கும் தனித்தனிக் கட்டம் அச்சடித்து வாங்கினால் நல்லது, கையால் கோடு போட்டாலும் போதும். பேனா பால்பாயின்ட்டாக இருக்கட்டும். ஜெல் பேனா மை பலதும் ஐஸ் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும்.