பண்டிகை அலங்காரம்: பச்சை இலையா, பைன் காயா, ஆரஞ்சு வில்லையா?

அதிகம் செலவில்லாமல் வீட்டை அலங்கரிக்க இயற்கைப் பொருள் தேடினால் இந்த மூன்றும்தான் முதலில் கண்ணில் படும். அழகில் எதுவும் சளைத்ததில்லை. ஈரத்தில்தான் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. இலை தன் ஈரத்தை இழந்து வாடும். பைன் காய் நனைந்தால் மூடிக்கொள்ளும். ஆரஞ்சு வில்லை காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போகும்.

இலைத் தோரணம்தான் சீக்கிரம் முடியும் வேலை. மாக்னோலியா, மா, யூக்கலிப்டஸ் போன்ற தடித்த இலைகளாக எடுங்கள். மெல்லிய இலை மறுநாளே சுருண்டுவிடும். காலையில் வெட்டி, காம்புகளை இரவு முழுக்கத் தண்ணீரில் நிறுத்திவிட்டுக் கட்டினால் வாட்டம் தள்ளிப்போகும். காம்பு உலர உலரச் சிறுத்துவிடும் என்பதால் தளர்வாகக் கட்டிய கொத்து உருவிக்கொண்டு விழும். மெல்லிய கம்பியால் இறுக்கிச் சுற்றுவதே நல்லது.

நீண்ட நாள் வேண்டுமென்றால் கிளிசரின் இருக்கிறது. ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர். காம்பின் அடியை நசுக்கி 5 முதல் 8 செ.மீ. வரை மூழ்குமாறு இரண்டு மூன்று வாரம் வையுங்கள். இலை பழுப்பாகும், ஆனால் நொறுங்காது. தளிரிலும், ஏற்கெனவே நிறம் மாறிய இலையிலும் இது பலிக்காது.

பைன் காயில் முதல் வேலை பூச்சியை ஒழிப்பது. மண்ணைத் தட்டிவிட்டு, ட்ரேயில் அலுமினியத் தாள் விரித்துப் பரப்பி, ஓவனில் 90 முதல் 100 டிகிரி செல்சியஸில் 30 முதல் 60 நிமிடம் வையுங்கள். பிசின் இளகும், செதில்கள் விரியும். பக்கத்திலேயே நில்லுங்கள், பிசின் தீப்பற்றக்கூடியது. கழுவிய காய் இறுக மூடிக்கொண்டால் பயப்பட வேண்டாம். செதிலின் வெளி அடுக்கு ஈரத்தில் உள் அடுக்கைவிட அதிகம் உப்புவதால் அப்படி நடக்கிறது, உலர்ந்ததும் திறக்கும். ஈரக் காயில் பசை வைத்தால் மட்டும் செதில் விரியும்போது பெயர்ந்துவிடும்.

ஆரஞ்சு வில்லைக்கு நிகரான நிறம் மற்ற இரண்டிலும் கிடையாது. விளக்கொளி ஊடுருவும்போது கண்ணாடி போல் ஒளிரும். ஆனால் பொறுமையைச் சோதிப்பதும் அதுதான். 5 அல்லது 6 மி.மீ. கனத்தில் ஒரே சீராக நறுக்குங்கள். 3 மி.மீ.க்குக் கீழே போனால் ஒட்டிக்கொண்டு கிழியும், ஒரு செ.மீ. ஆனால் நடுவில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். துணியால் இருபுறமும் ஒற்றி எடுத்து, கம்பித் தட்டில் அடுக்கி, 90 முதல் 100 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் சர்க்கரை கருகி நிறம் பழுப்பாகும். சதைப்பகுதியை அழுத்தினால் ஈரம் தெரியக்கூடாது; தோல் சற்று வளையலாம், அது ஆறும்போது விறைத்துவிடும். கோக்கும் துளையை வெளித்தோலை ஒட்டிப் போடாமல் சற்று உள்ளே தள்ளிப் போடுங்கள், பிய்ந்து விழாது.

மழைக்காலமோ கடலோரமோ என்றால் ஆரஞ்சு வேண்டாம். எறும்பும் வரும், பிசுபிசுப்பும் வரும். அங்கே பைன் காயோடு கிளிசரின் இலையைச் சேர்ப்பதுதான் எங்கள் தேர்வு. வறண்ட காற்றுள்ள இடத்தில் ஆரஞ்சைத் தாராளமாகத் தொங்கவிடலாம். நாளைக்கே பண்டிகை என்றால் பச்சை இலை ஒன்றே வழி. எதைத் தேர்ந்தாலும் மெழுகுவர்த்திக்கு அருகில் வைக்காதீர்கள், சிறு எல்இடி விளக்குகளே போதும்.

அடுத்த ஆண்டுக்குப் பைன் காயை அட்டைப்பெட்டியில் போட்டுவைக்கலாம். ஆரஞ்சு வில்லையைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். கிளிசரின் இலைக்கு மட்டும் பிளாஸ்டிக் பை ஆகாது, அதில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், காகிதத்தில் சுற்றிவையுங்கள்.