ஒரே ஒரு ஏரிக்கு நேரம் இருந்தால்: கிளேசியர் பூங்காவின் மூன்று நடைகள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருக்கும் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குக் கோடையின் தொடக்கத்தில் போகிறவர்கள் மூன்று பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புவார்கள்: அவலாஞ்ச் ஏரி, ஹிடன் ஏரி, ஐஸ்பெர்க் ஏரி. பெரும்பாலும் தூரத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஆகஸ்ட் என்றால் அது சரி. ஜூனில் தூரம் இரண்டாம்பட்சம்தான். பனி எவ்வளவு உயரம் வரை உருகியிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பூக்களும் விலங்குகளும் அந்தப் பனி விளிம்பின் பின்னாலேயே மலை ஏறுகின்றன.

முதலில் அவலாஞ்ச். மூன்றில் தாழ்வானது இதுதான், சுமார் 1,190 மீட்டர். அதனால் முதலில் பனி விலகுவதும் இங்கேதான். போய்வர 7 கி.மீ.க்குக் கொஞ்சம் கூட, ஏற்றமும் லேசானது. பாதை பழைய சிடார், ஹெம்லாக் மரங்களுக்கு நடுவே, சிவந்த பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் ஓடையை ஒட்டித் தொடங்குகிறது. அந்த ஓடையில் டிப்பர் என்று ஒரு சாம்பல் நிறக் குருவி உண்டு. கல்லின் மேல் நின்று உடம்பை மேலும் கீழும் ஆட்டும், அப்புறம் பாய்ந்தோடும் நீருக்குள் அப்படியே நடந்து போய்ப் பூச்சி பிடித்துக்கொண்டு வெளியே வரும். நிழலில் டிரில்லியம் பூக்கும். மூன்று வெள்ளை இதழ்கள், வயதாக ஆக இளஞ்சிவப்பாகும். ஏரிக்கரையில் நின்றால் எதிர்ச் சுவரில் ஸ்பெரி பனியாற்றின் உருகுநீர் வெள்ளைக் கோடுகளாக இறங்குவதைப் பார்க்கலாம். ஜூனில் அந்த அருவிகள் நல்ல வேகத்தில் இருக்கும். மலர்வெளி வேண்டும் என்று வந்தவருக்கு மட்டும் இது ஏமாற்றம் தரும். இது காடு, புல்வெளி அல்ல.

ஹிடன் ஏரியின் கதையே வேறு. நடை தொடங்கும் லோகன் கணவாயே 2,026 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏறும் ‘கோயிங் டு தி சன்’ சாலை முழுவதும் திறப்பது, பனியை வெட்டி அகற்றிய பிறகு, வழக்கமாக ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான். ஏரியை மேலிருந்து பார்க்கும் இடத்துக்குப் போய்வர 4 கி.மீ.க்குச் சற்று அதிகம். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பருவத்தில் மரப்பலகைப் பாதை பனிக்கு அடியில் கிடக்கும். சரிவில் ஒவ்வொரு அடியையும் குதிகாலை ஊன்றி வைக்க வேண்டும். மைக்ரோஸ்பைக் (பனியில் வழுக்காமல் இருக்கக் காலணிக்கு மேல் மாட்டும் முள் பட்டை) இல்லாமல் குழந்தைகளை அழைத்துப் போக நான் சொல்ல மாட்டேன்.

இத்தனை சிரமத்துக்கும் ஈடாக அங்கே கிளேசியர் லில்லி காத்திருக்கிறது. உருகும் பனியின் ஓரத்தில் மண்டியிட்டுப் பாருங்கள். கண்ணாடி போல மெலிந்துவிட்ட பனியைத் துளைத்துக்கொண்டு தண்டு வெளியே வந்திருக்கும். அதைச் சுற்றி ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பனி கரைந்திருக்கும். மஞ்சள் இதழ்கள் பின்பக்கமாக மடிந்து, பூ தலைகுனிந்து தொங்கும். நாலடி மேலே இன்னும் பனி கிடக்கும். அந்த இடத்தின் முறை அடுத்த வாரம் வரும். இதன் கிழங்கைக் கிரிஸ்லி கரடி தோண்டித் தின்னும். கொத்திப் போட்ட வயல் மாதிரி மண் புரண்டு கிடந்தால் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

வெள்ளை மலையாடுகளுக்கும் இதுதான் இடம். அந்த நாட்களில் அவை குளிர்காலக் கம்பளியை உதிர்த்துக்கொண்டிருக்கும். குட்டையான ஊசியிலைப் புதர்களில் வெண்பஞ்சு போல அது சிக்கிக் கிடக்கும். விரலில் உருட்டினால் அவ்வளவு மென்மை. பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். ஆடுகள் பாதைக்கு வருவதற்கு ஒரு காரணம் மனிதச் சிறுநீரில் உள்ள உப்பு. ஆகவே கணவாயிலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு நடக்கத் தொடங்குங்கள். ஆடு எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் 23 மீட்டர் விலகி நிற்பது பூங்காவின் விதி.

ஐஸ்பெர்க் ஏரிக்குப் போய்வர 15 கி.மீ.க்கு மேல், கிழக்கே மெனி கிளேசியர் பகுதியிலிருந்து. ஏற்றம் 400 மீட்டருக்குள்தான், அதுவும் நெடுந்தூரத்துக்குப் பரவியிருப்பதால் மூச்சு வாங்காது. பாதையின் பெரும்பகுதி வெயில் விழும் திறந்த சரிவு. அங்கே பனி சீக்கிரம் போய்விடும். ஏரியோ மலைச்சுவர்களின் நிழலுக்குள் இருக்கிறது. அதனால் ஒரே நடையில் காலடியில் பூக்களும் முடிவில் பனிக்கட்டி மிதக்கும் நீரும் கிடைக்கின்றன. ஜூன் நடுவில் போனால் ஏரி முழுக்க உறைந்தே இருக்கலாம். ஜூலையில் கட்டிகள் பிரிந்து மிதக்கும். பேர்கிராஸ் பூக்கும் ஆண்டாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இடுப்புயரத் தண்டின் உச்சியில் நூற்றுக்கணக்கான சிறு வெள்ளைப் பூக்கள் ஒரே கொத்தாக நிற்கும். ஒவ்வொரு செடியும் ஆண்டுதோறும் பூப்பதில்லை, அதனால் சில கோடைகளில் சரிவே வெளுத்துவிடும், சில கோடைகளில் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

ஆனால் இது கரடிகள் அதிகம் நடமாடும் பாதை. அவற்றுக்காகவே இதைச் சில நாட்கள் மூடிவிடுவார்கள். கரடி ஸ்பிரே (நெருங்கி வரும் கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான்) பையின் அடியில் இருந்து பயனில்லை, இடுப்பில் இருக்க வேண்டும். சிறு மணியைக் கட்டிக்கொண்டு போவதும் போதாது. அதன் ஓசை தூரம் போகாது. வளைவு வரும்போதெல்லாம் கை தட்டி, உரக்கப் பேசிக்கொண்டு நடங்கள். கரடியிடமிருந்து குறைந்தது 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் மூன்று வாரங்களில் போனால் யோசிக்காமல் அவலாஞ்ச். வயதானவர்கள், சிறுவர்கள் கூட இருந்தாலும் அதுவே. சாலை திறந்த முதல் வாரம் வாய்த்தால் ஹிடன். லில்லி பனியைத் துளைக்கும் அந்தச் சில நாட்களுக்கு மற்ற இரண்டையும் விட்டுக்கொடுப்பேன். விடிந்ததும் போய்விடுங்கள், கணவாயில் வண்டி நிறுத்தும் இடம் சீக்கிரமே நிரம்பிவிடும். ஜூலை முதல் பாதியில் ஒரு முழு நாளும் நல்ல கால்களும் இருந்தால் ஐஸ்பெர்க். மூவர் நால்வராகச் சேர்ந்து போங்கள், முந்தின இரவே பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.