ஆறு மாரி கண்ட இராவணஹத்தா

ராஜஸ்தானின் ஜோத்பூர் கோட்டைக்குப் போனபோது ஒருவர் இராவணஹத்தா என்ற வில் வாத்தியம் வாசித்ததைக் கேட்டு, அவரிடமே விலை பேசி வாங்கினேன். மட்டக்களப்பின் கல்லடிக்கு வந்து ஆறு மாரி கடந்துவிட்டது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சிரட்டை, அதன் வாயில் ஆட்டுத்தோல், நீண்ட மூங்கில் தண்டு. வாசிக்கும் தந்தி இரண்டு: ஒன்று குதிரைமயிர், மற்றது இரும்பு. கூடவே அதிர்வதற்கென்று மெல்லிய கம்பிகள், என்னுடையதில் 11. வில்லில் சலங்கை. ராஜஸ்தானில் போபாக்கள் என்ற பூசாரிப் பாடகர்கள் படம் தீட்டிய நீளத்துணியின் முன் பாபூஜி என்ற நாட்டார் தெய்வத்தின் கதையை இரவிரவாகப் பாடும்போது, இந்தச் சலங்கையே தாளமும் போடும்.

ஆனால் இது பாலைவனத்துப் பிள்ளை. முதல் கார்த்திகை மழையில் ஒருநாள் வில்லை இழுத்தால் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் சத்தம். தோல் தளர்ந்து, அதன் மேல் நின்று தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற துண்டு பதிந்து, சுருதி இறங்கிக் கிடந்தது. நான் சுருதி கூட்டும் ஆணியை முறுக்க, மயிர்த்தந்தி அறுந்தது. கண்ணகி அம்மன் கோயிலில் உடுக்கு அடிக்கும் பெரியப்பா வந்து பார்த்தார். "மனே, ஆணிய விடு. தோலப் பாரு. நெருப்பக் காட்டாத, சூட்டக் காட்டு." தணலுக்கு ஒரு முழம் மேலே பிடித்து, மெல்லத் திருப்பித் திருப்பி, விரல் நுனியால் சுண்டிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நிமிடம் 'டங்' என்றது. இன்றுவரை அதுதான் என் முறை. மாரியில் இரவானால் தந்திகளைத் தளர்த்திவிடுவேன், தோலுக்குப் பாரம் குறையும்.

உப்புக்காற்றில் இரும்புக் கம்பிகள் சீக்கிரம் துருவேறும். கிட்டாரின் மிக மெல்லிய தந்தி அந்த இடத்துக்குப் போதும். மயிருக்குப் பதில் தங்கூசி, அதாவது மீன்பிடி நைலான் இழை, போட்டும் பார்த்தேன். சத்தம் வந்தது, அந்தக் கரகரத்த தொண்டை வரவில்லை. இப்போது வயலின் வில்லுக்கு மயிர் மாற்றுபவரிடம் வாங்கி முறுக்கிக் கட்டுகிறேன்.

பார்ப்பவர்கள் "இது யாழா?" என்பார்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ்நூல் தந்த மண் அல்லவா, கேட்கத்தான் செய்வார்கள். யாழ் விரலால் மீட்டுவது, இது வில்லால் இழுப்பது.

விரலைத் தண்டில் அழுத்தக் கூடாது, தந்தியைத் தொட்டாலே போதும். அது கைவர எனக்கு ஒரு வருடம் ஆனது. கைவந்த பிறகு, கண்ணகி அம்மன் சடங்கில் பாடும் குளிர்த்திப் பாட்டின் இழுப்பும் குழைவும் இதில் அப்படியே வருகின்றன. போன வைகாசியில் வீட்டுத் திண்ணையில் பெரியப்பா, "நீ இழு, நான் படிக்கிறன்" என்றார். சடங்கு முடியும்வரை ஒவ்வொரு மாலையும் இழுத்தேன்.

தோல் இப்போது மெலிந்துவிட்டது. மத்தளம் கட்டுபவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சிரட்டை அதேதான்.