மெதுவான இணைப்பைப் போலியாக உருவாக்க எது சரி: குரோமா, டாக்ஸிபிராக்ஸியா, நெட்எம்மா?

வேகமான வைஃபையில் மட்டும் ஓட்டிப் பார்த்த செயலியை நான் நம்புவதில்லை. இணைப்பை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கெடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் முடிவு அமையும்.

உடனே கைக்குக் கிடைப்பது குரோம் டெவ்டூல்ஸ். நெட்வொர்க் தாவலில் வேகத்தைக் குறைத்தால் வேலை முடிந்தது. பொத்தானை இரண்டு முறை தட்டினால் ஆர்டர் இரண்டாகப் போகிறதா என்று பார்க்க இதுவே போதும். ஆனால் அது உலாவியின் கோரிக்கைகளைத்தான் தாமதிக்கிறது, வலையில் தரவு துண்டு துண்டாகப் போகும் பாக்கெட்டுகளை அல்ல. டிஎன்எஸ் தேடலும் (தளத்தின் பெயருக்கு முகவரி கண்டுபிடிப்பது), டிசிபி (தரவைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) இணைப்பு தொடங்குவதும் பழைய வேகத்திலேயே நடக்கும். மோசமான இணைப்பில் பயனரை முதலில் காக்க வைப்பதே அவைதான்.

டாக்ஸிபிராக்ஸி, சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் உட்கார்ந்து தாமதம் சேர்க்கும், இணைப்பை அறுக்கும். தானியங்கிச் சோதனைகளுக்கு அருமையானது. ஆனால் டிசிபி இணைப்புகளை மட்டும்தான் கையாளும், வழியில் பாக்கெட் தொலைந்துபோகும் இழப்பைக் காட்டாது.

லினக்ஸின் நெட்எம், இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள்ளேயே ஒவ்வொரு பாக்கெட்டையும் பிடிக்கிறது. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் விவரம் தெரிந்து பயன்படுத்த வேண்டும். 100 மில்லிசெகண்ட் தாமதம் வைத்துவிட்டு பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) அடித்துப் பாருங்கள்: 100தான் கூடும், 200 அல்ல. வெளியே போகும் பாக்கெட்டுகளை மட்டுமே அது தொடுகிறது. உள்ளே வருவதற்கு ஐஎஃப்பி என்ற போலி இடைமுகம் தேவை. தாமதத்தில் 20 மில்லிசெகண்ட் ஏற்ற இறக்கம் சேர்த்தால் பின்னால் கிளம்பிய பாக்கெட் முந்திக்கொண்டு போகலாம். டிசிபி அதை இழப்பு என்று எண்ணி வேகத்தைக் குறைக்கும், நாம் செயலியைச் சந்தேகிப்போம். நெட்எம் பாக்கெட்டுகளைக் காக்க வைக்கும் வரிசையின் இயல்பான அளவும் 1000 பாக்கெட்தான். 1500 பைட் பாக்கெட், 100 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் நொடிக்கு சுமார் 120 மெகாபிட்டைத் தாண்டியதும் நாம் கேட்காத இழப்பும் சேர்ந்துகொள்ளும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. சோதிக்கும் கணினியிலேயே இழப்பை அமைத்தால், பாக்கெட் விழுந்த செய்தி அதே கணினியில் மேலடுக்கில் இருக்கும் டிசிபிக்குத் தெரிந்துவிடும். அது இழப்பே இல்லாததுபோல மறுபடி அனுப்பிவிடலாம். அதனால் நடுவில் ஒரு கணினியை பிரிட்ஜாக (இரு பக்கத்துக்கும் பாக்கெட்டைக் கடத்தும் பாலமாக) வைத்து அதில் அமையுங்கள்.

அந்தக் கணினி தொலைவில் இருக்கிறதா? இழப்பு கூடினால் நீங்களே அதற்குள் நுழைய முடியாமல் போகலாம். அதனால் ஐந்து நிமிடத்தில் நெட்எம் விதியைத் தானே நீக்கும் கட்டளையைப் பின்னணியில் ஓடவிடுங்கள். அப்புறம் இழப்பைக் கூட்டுங்கள்.