ரெண்டு வயசு பாப்பாவோட எழும்பூர் மியூசியம், மெட்ரோல போய் வந்த ரிவ்யூ

எடுத்தவுடனே சொல்லிடறேன், ரெண்டு ரெண்டரை வயசு குழந்தையை வச்சிருக்கவங்க சென்னைக்குள்ள ஒரு நாள் வெளிய சுத்தணும்னா என் ஓட்டு எழும்பூர் மியூசியத்துக்குத்தான், அதுவும் மெட்ரோல போனா. மியூசியமான்னு யோசிக்காதீங்க, எங்க வீட்லயும் அதே கேள்விதான். "செத்த காலேஜுக்கா கூட்டிட்டு போற, அந்த புள்ளைக்கு என்ன புரியும்"னு அத்தை (பாப்பாவோட பாட்டி) கேட்டாங்க, அவங்க பழைய மெட்ராஸ்காரங்க, மியூசியத்துக்கு இன்னும் அந்த பேர்தான் வாயில வரும். புரியாதுதான். ஆனா இந்த வயசுக்கு புரியறதா முக்கியம்? ஓட இடம் வேணும், அண்ணாந்து பாக்க பெருசா ஏதாவது வேணும், வண்டி வந்து இடிக்கக் கூடாது, அப்புறம் அது மூட் அவுட் ஆச்சுன்னா காசு போச்சேன்னு வயிறு எரியாம அந்த நிமிஷமே தூக்கிட்டு கிளம்ப முடியணும்.

இந்த கடைசி விஷயத்தை யாரும் ரிவ்யூல எழுத மாட்டேங்கறாங்க. இதுக்கு முன்னாடி ஒரு மால்ல இருக்கிற பிளே ஏரியாவுக்கு போயிருந்தோம், பேர் வேணாம் விடுங்க. மணி கணக்குல சார்ஜ், வீட்ல இருந்து சாக்ஸ் போட்டுட்டு போனாலும் அவங்ககிட்ட ஒரு ஜோடி வாங்கினாதான் உள்ள விடுவாங்க, கூட வர்ற பெரியவங்களுக்கும் தனி காசு, உள்ள போனா ஆறேழு வயசு பசங்க எல்லாம் அதே ட்ராம்போலின்ல குதிக்கறாங்க, எங்க பாப்பா ஒரு ஓரமா நின்னு என் சுடிதார் துப்பட்டாவை பிடிச்சுகிட்டு அழுகை. வெளிய வரலாம்னா எங்க வீட்டுக்காரர் வாட்சை பாக்கறார், இன்னும் நாப்பது நிமிஷம் இருக்காம். குழந்தையை சந்தோஷப்படுத்த போய் குழந்தைகிட்ட "விளையாடு விளையாடு"ன்னு கெஞ்சற நிலைமை. மியூசியத்துல அந்த தொல்லையே இல்ல, இந்தியர்களுக்கு டிக்கெட் விலை மால்ல ஒரு காபிக்கு கூட பத்தாது, ஒரு ஹால் பாத்துட்டு வந்துட்டா கூட மனசு கேக்கும்.

சரி மெட்ரோல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா பாப்பாவை பொறுத்தவரைக்கும் அன்னிக்கு மெயின் ஷோவே அதுதான். நாங்க வடபழனில ஏறினோம், பச்சை லைன், எழும்பூருக்கு மாறாம நேரா போகும். இந்த ரூட்ல ஒரு அழகு என்னன்னா மொதல்ல கொஞ்ச தூரம் மேம்பாலத்து மேல, கோயம்பேடு தாண்டினதும் ரயில் பூமிக்குள்ள இறங்கி திருமங்கலத்துல இருந்து முழுக்க சுரங்கம். மேல போறப்ப மொட்டை மாடி, காயப்போட்ட துணி, வாட்டர் டேங்க், கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிற பஸ் (வெளியூர் பஸ் நெறய கிளாம்பாக்கம் போயிட்டாலும் பாப்பாவுக்கு ரெண்டு பஸ் தெரிஞ்சாலே திருவிழா), அப்புறம் திடீர்னு இருட்டு. இருட்டானதும் ஜன்னல்ல அவ முகம் அவளுக்கே தெரிஞ்சுது, அதுக்கு டாட்டா காட்டிக்கிட்டே எழும்பூர் வந்துட்டா. நாங்க அவளை சமாளிக்க ஒன்னுமே பண்ணல.

குழந்தை 90 செ.மீ. உயரத்துக்கு உள்ள இருந்தா பெரியவங்க கூட போறப்ப டிக்கெட் வேணாம். பெரியவங்களுக்கு வாட்ஸ்அப்லயே எடுத்துக்கலாம், கவுண்டர்ல நிக்க வேணாம், ஒரு கையில குழந்தை ஒரு கையில பேக்னு இருக்கிறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய உதவின்னு தெரியும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் லிஃப்ட் இருக்கு, அத்தைக்கு முட்டி வலி, அவங்க எஸ்கலேட்டர்னாலே ரெண்டடி பின்னாடி போவாங்க, லிஃப்ட்ல அசால்ட்டா வந்துட்டாங்க. சுரங்க ஸ்டேஷன் எல்லாத்துலயும் தண்டவாளத்தை மறைச்சு கண்ணாடி கதவு இருக்கு, ரயில் வந்து நின்னாதான் திறக்கும், கையை உதறிட்டு ஓடற குழந்தை வச்சிருக்கிற அம்மாவுக்கு இதை விட நிம்மதி வேற இல்ல. ஆனா மேல இருக்கிற ஸ்டேஷன்கள்ல அந்த கதவு கிடையாது, வடபழனி மாதிரி இடத்துல ரயில் வர்ற வரைக்கும் இடுப்புல இருந்து இறக்காதீங்க. இன்னொன்னு, ரயிலுக்குள்ள சாப்பிடக் கூடாது, அதனால பிஸ்கட் டப்பாவை ஏறதுக்கு முன்னாடியே குழந்தை கண்ணுல படாம பேக்குக்கு அடியில போட்டுடுங்க, பாத்துட்டா அவ்ளோதான்.

எழும்பூர்ல இறங்கி மியூசியம் இருக்கிற பாந்தியன் ரோடுக்கு நடந்தும் போகலாம், தூரம் கம்மிதான், ஆனா பிளாட்பாரம் இருக்கிற லட்சணத்துல குழந்தை, பாட்டி ரெண்டு பேரையும் வெயில்ல இழுத்துட்டு போறது தேவையில்லாத வேலை. ஆட்டோ பிடிச்சுட்டோம்.

இப்ப மியூசியம். 1851ல ஆரம்பிச்சது, இந்தியாவுலயே கொல்கத்தாவுக்கு அடுத்து பழைய மியூசியம்னு சொல்வாங்க. ஒரே கட்டடம்னு நெனச்சிட்டு வராதீங்க, பெரிய வளாகம், தனித்தனி கட்டடம், நடுவுல மரம், நிழல், புல்லு. செவப்பு கட்டடம், வட்டமா இருக்கிற அந்த மியூசியம் தியேட்டர், கன்னிமாரா லைப்ரரி எல்லாம் ஒரே காம்பவுண்டு. உள்ள நுழைஞ்சதும் வெளியில பழைய பீரங்கி வரிசையா வச்சிருக்காங்க, ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்து வந்ததும் இருக்கு, தரங்கம்பாடில இருந்து வந்ததும் இருக்கு. எங்க வீட்டுக்காரர் அந்த போர்டை எல்லாம் படிச்சு திப்பு சுல்தான் கதை ஆரம்பிச்சார், பாப்பா பீரங்கியோட வாயில தலையை விட்டு "ஆஆ"ன்னு கத்தி எக்கோ கேட்டுட்டு இருந்தா. அவளுக்கு அது போதும். எனக்கும் போதும், பத்து நிமிஷம் உக்கார இடம் கெடச்சுது.

குழந்தையோட போறவங்க மொதல்ல குழந்தைகள் மியூசியம் பக்கம் போங்க, வெளியில பெரிய டைனோசர் சிலை நிக்குது. பாப்பா மொதல்ல பயந்து அப்பா கழுத்தை கட்டிக்கிட்டா, அப்புறம் தூரத்துல நின்னே "வா வா"ன்னு அதை கூப்பிட்டா, அது வரலைன்னதும் தைரியம் வந்து கிட்ட போய் காலை தட்டி பாத்தா. உள்ள பல ஊர் டிரஸ் போட்ட பொம்மைங்க கண்ணாடிக்குள்ள இருக்கு, நெசமா சொல்லணும்னா கொஞ்சம் பழைய காலத்து செட்டப்தான், தொட்டு விளையாடற மாதிரி, பட்டனை அழுத்தினா ஏதாவது நடக்கற மாதிரி எதிர்பார்த்து போனா ஏமாந்துடுவீங்க. பாப்பா ஒவ்வொரு பொம்மைக்கும் "யாது, யாது"ன்னு கேட்டுட்டு பதிலுக்கு காத்திருக்காம அடுத்ததுக்கு ஓடினா.

விலங்கியல் பக்கம்தான் சூப்பர். திமிங்கலம் எலும்புக்கூடு, யானை எலும்புக்கூடு. யானையை கோயில்ல பாத்திருக்கா, புக்ல பாத்திருக்கா, எலும்பா பாத்ததில்ல. நான் "யானை பாரு"ன்னு சொன்னேன், அவ என்னை ஏதோ பொய் சொல்றவளை பாக்கற மாதிரி பாத்தா. தும்பிக்கை எங்கன்னு கைய மூக்குகிட்ட வச்சு காட்டி கேட்டா பாருங்க, தும்பிக்கைல எலும்பு கிடையாது இல்லையா, அதனால எலும்புக்கூட்டுல தும்பிக்கையே இருக்காது, கரெக்டா அதைத்தான் பிடிச்சிருக்கா. நான் அதுவரைக்கும் அதை யோசிச்சதே இல்ல. பஞ்சு அடைச்ச பறவை, பாட்டில்ல ஊறவச்ச பாம்பு எல்லாம் இருக்கு, சில குழந்தைங்க பயப்படலாம், அதை பாத்துக்கோங்க.

அத்தை இதுக்குள்ள "எல்லாம் செத்ததாவே இருக்கே, உயிரோட ஒன்னும் இல்லையா"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க கேட்டது ஒரு காலத்துல சரியான கேள்வி. 1855ல இதே மியூசியம் வளாகத்துலதான் மெட்ராஸ் மிருகக்காட்சி சாலையே ஆரம்பிச்சாங்க, அப்ப மியூசியத்தை பாத்துக்கிட்ட எட்வர்ட் பால்ஃபர்ங்கிற டாக்டர்தான் அதுக்கு காரணம். அப்புறம் அது சென்ட்ரல் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க்குக்கு போச்சு, அங்க இருந்து 1985ல வண்டலூர். அத்தை சின்ன வயசுல பாத்தது சென்ட்ரல் பக்கத்துல இருந்த அந்த மிருகக்காட்சி சாலையை, அவங்க பாஷைல உயிர் காலேஜ். இதை சொன்னதும் அவங்க மூஞ்சே மாறிடுச்சு, அங்க அவங்க அப்பா வாங்கி குடுத்த வேர்க்கடலைல ஆரம்பிச்சு, நாங்க வெண்கல சிலை கேலரி போற வரைக்கும் கதை நிக்கல. குழந்தைக்குன்னு போன இடத்துல அத்தைக்கும் ஒன்னு கெடச்சுது, மால்ல அவங்க செருப்பு வச்ச ரேக்குக்கு பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்தாங்க.

வெண்கல கேலரியை தயவு செஞ்சு விட்டுடாதீங்க, குழந்தை தூங்கிட்டா நல்லது, தூங்கலைன்னா ஒருத்தர் வெளிய குழந்தையை வச்சுக்கிட்டு மாறி மாறி போங்க. திருவாலங்காடு நடராஜர், திருவெண்காடு அர்த்தநாரீஸ்வரர் எல்லாம் இங்கதான் இருக்கு, வெளிநாட்டுல இருந்து இதை பாக்கவே வர்றாங்க, நாம பக்கத்துல இருந்துட்டு எத்தனை பேர் பாத்திருப்போம். அத்தை ஒவ்வொரு சிலை முன்னாடியும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. பாப்பா நடராஜரை பாத்துட்டு ஒத்தை காலை தூக்க பாத்து டமால்னு உக்காந்தா, அங்க இருந்த காவலர் கூட சிரிச்சுட்டார். அமராவதி பளிங்கு சிற்பம் எல்லாம் இந்த தடவை பாக்கல, அதுக்குள்ள எங்க சார்ஜ் எறங்கிடுச்சு.

குறைன்னு சொல்லணும்னா இது பழைய கட்டடங்க, படி நெறய, அதனால ஸ்ட்ரோலர் கொண்டு போறது வீண், இடுப்புல கட்டற கேரியர் இருந்தா அதான் பெஸ்ட். எல்லா கேலரியும் எப்பவும் திறந்திருக்கும்னு நெனச்சிட்டு குழந்தைகிட்ட "திமிங்கலம் பாக்க போறோம்"னு முன்னாடியே பில்டப் குடுக்காதீங்க, எது எது திறந்திருக்குன்னு டிக்கெட் கவுண்டர்ல கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க. குடிக்க தண்ணி, சுடு தண்ணி பிளாஸ்க், மாத்து டிரஸ் எல்லாம் வீட்ல இருந்தே எடுத்துட்டு போயிடுங்க. காலைல 9:30க்கு திறக்கறாங்க, அப்பவே போயிட்டா வெயிலுக்கு முன்னாடி வெளிய இருக்கறது எல்லாம் முடிச்சுட்டு, சூடு ஏறினதும் உள்ள போயிடலாம். ஸ்கூல் பசங்க கூட்டம் பஸ்ல வந்து எறங்கினா ஹால் முழுக்க சத்தமா இருக்கும், அதுக்கும் சீக்கிரம் போறதே நல்லது.

மதியம் சாப்பாட்டுக்கு எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் வெஜ் ஹோட்டலுக்கு பஞ்சமே இல்ல. நாங்க போனது ஏசி ஹால் இருக்கிற ஒரு ஹோட்டல், இட்லி சாஃப்ட், ரசம் அருமை, மினி மீல்ஸ் ஓகே. ஆனா குழந்தைக்கு உயர சேர் கேட்டா ஒன்னே ஒன்னுதான் இருக்காம், அதுலயும் பெல்ட் அறுந்து போயிருக்கு, கடைசில பாட்டி மடிதான். டயப்பர் மாத்த இடம் எங்கன்னு கேட்டா சர்வர் தம்பி பாவம் முழிச்சுட்டு கை கழுவற இடத்தை காட்டறார். அந்த ஈரத்துல எப்படிப்பா மாத்தறது? இந்த ஊர்ல பஸ் ஸ்டாண்ட்லயே தாய்மார்கள் பால் குடுக்க தனி ரூம் 2015ல இருந்து இருக்கு, இவ்ளோ பில் போடற ஹோட்டல்ல ஒரு பலகை கூட போட முடியாதா? சாப்பாட்டுக்கு நாலு மார்க் குடுக்கலாம், குழந்தையோட போறவங்களுக்கு ரெண்டுதான். சர்வர் மேல கோபம் இல்ல, அவர்தான் கேக்காமலே காரமில்லாம நெய் பருப்பு சாதம் ஒரு கிண்ணத்துல கொண்டு வந்து வச்சார், பாப்பா அதை மட்டும்தான் சாப்பிட்டா.

திரும்பி வர்றப்ப மெட்ரோல ஏறின உடனே தூங்கிட்டா. பெண்களுக்கான பெட்டில ஏறினேன், உடனே எழுந்து இடம் குடுத்தாங்க. சாயங்காலம் ஆபீஸ் கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க, அதுக்கு மேல போனா தூங்கற குழந்தையை தோள்ல போட்டுக்கிட்டு நிக்க வேண்டி வரும்.

நிஜ மிருகம்தான் வேணும்னு குழந்தை கேட்டா கிண்டி சிறுவர் பூங்கா போங்க, புதுப்பிச்சு 2024ல திறந்திருக்காங்க, பக்கத்துலயே பாம்பு பண்ணையும் இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை அங்க மனுஷ கூட்டத்துல மான் தெரியாது, சனிக்கிழமை காலைல ட்ரை பண்ணலாம். கிண்டி செவ்வாய்க்கிழமை லீவு, எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு, ரெண்டையும் குழப்பிக்கிட்டு கேட்டுக்கு முன்னாடி போய் நிக்காதீங்க.