டெலிவரி இலவசமா, தனிக் கட்டணமா? பார்சல் செலவில் எது எதற்குச் சரி

ஆன்லைன் சந்தையில் பொருள் விற்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, “எந்த கூரியர் சீப்?” என்றுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன். கட்டணப் பட்டியல்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். அப்புறம் மூன்று மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு கூரியருக்கும் இன்னொன்றுக்கும் இருந்த வித்தியாசம் சின்னது. பெட்டியின் அளவு, டெலிவரிக் கட்டணத்தை விலையில் சேர்ப்பதா தனியாக வாங்குவதா, சரக்கு யார் கிடங்கில் இருக்கிறது ஆகிய மூன்றிலும் இருந்த வித்தியாசம்தான் லாபத்தைத் தின்றிருந்தது.

அதனால் இங்கே எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன்: பார்சல் போய்ச் சேர்ந்து, ரிட்டர்ன் காலமும் முடிந்த பிறகு ஓர் ஆர்டரில் கையில் என்ன நிற்கிறது? எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே உதாரணங்களில் எண்களை மட்டும் எழுதுகிறேன்.

பெரிய பெட்டியா, அளவான பெட்டியா

ஒன்றரைக் கிலோ எடையில் ஒரு பொருள். கைக்கு அகப்பட்ட பெட்டி 40 செ.மீ. நீளம், 30 அகலம், 20 உயரம். தராசு ஒன்றரைக் கிலோ என்றுதான் காட்டும். ஆனால் டிஎச்எல், ஃபெடெக்ஸ், யூபிஎஸ் போன்ற எக்ஸ்பிரஸ் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பார்சல்களுக்கு மூன்று அளவையும் பெருக்கி 5000 ஆல் வகுக்கின்றன. 24,000 ஐ 5000 ஆல் வகுத்தால் 4.8. இதைத்தான் வால்யூமெட்ரிக் எடை என்கிறார்கள். உண்மை எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். அரைக் கிலோ படியாக மேலே ஏற்றினால் 5 கிலோ ஆகிவிடும். ஒன்றரைக் கிலோ பொருளுக்கு 5 கிலோ கட்டணம்!

அதே பொருளை 30, 25, 15 அளவுள்ள பெட்டியில் வைத்தால் 11,250 ஐ 5000 ஆல் வகுக்க 2.25 வரும். பில் இரண்டரைக் கிலோவுக்கு. கூரியரை மாற்றவில்லை, பேரம் பேசவில்லை. பில்லில் எடை பாதியாகிவிட்டது. கட்டணப் பட்டியல்களை ஒப்பிட்டு இவ்வளவு மிச்சம் பிடித்ததாக எனக்கு நினைவே இல்லை.

இந்தக் கணக்கில் ஒரு நியாயமும் இருக்கிறது. விமானத்திலும் வண்டியிலும் எடை நிரம்பும் முன்பே இடம் நிரம்பிவிடுகிறது. அமெரிக்காவில் தரைவழிப் பார்சல்களில் 3 கன அடிக்குக் குறைவானவற்றுக்கு ஒரு காலம்வரை இந்தக் கணக்கிலிருந்து விலக்கு இருந்தது. 2014 முடிந்து 2015 பிறக்கும் சமயத்தில் யூபிஎஸ்ஸும் ஃபெடெக்ஸும் அந்த விலக்கை எடுத்துவிட்டன. அன்றிலிருந்து சின்னப் பெட்டிக்குள் காற்றை அனுப்பினாலும் காசு. வகுக்கும் எண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. விமானச் சரக்கில் பொதுவாக 6000. உங்கள் கூரியர் எதை வைத்திருக்கிறது என்பதை, கட்டணத்தைக் கேட்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

உடையாத, மடங்கக்கூடிய பொருள் என்றால் பெட்டியே வேண்டாம், பிளாஸ்டிக் கவர் போதும். துணிக்குப் பெட்டி வாங்குவது வீண். உடையும் பொருளுக்கு மட்டும் பெட்டியைச் சுருக்குவதிலும் ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் மேலும் கீழும் இரண்டு விரல்கட்டை அளவுக்காவது பபிள் ராப்போ கசக்கிய காகிதமோ நிற்க வேண்டும். அதற்கும் கீழே இறக்கினால், மிச்சம் பிடித்தது ஒரே உடைசலில் போய்விடும்.

இன்னொன்று, எடைப் படிகள். 500 கிராம் வரை ஒரு கட்டணம், அதற்கு மேல் அடுத்த கட்டணம் என்று இருந்தால், 480 கிராம் பொருளை 60 கிராம் அட்டைப்பெட்டியில் வைக்கும்போதே அடுத்த படிக்குப் போய்விடுகிறோம். நான் செய்த பெரிய தவறே இதுதான். பொருளின் எடையை மட்டும் பட்டியலில் போட்டேன், பேக்கிங்கைச் சேர்க்கவில்லை. கூரியர் நிறுவனம் தன் கிடங்கில் இயந்திரத்தால் மறுபடி எடை போட்டு, இரண்டு வாரம் கழித்து வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டது. ஒவ்வொரு பார்சலிலும் அப்படி. அன்றிலிருந்து டேப் ஒட்டி முடித்த பிறகுதான் எடை போடுகிறேன். தராசின் எண் தெரியும்படி ஒரு படம், அளவு நாடாவோடு ஒரு படம் எடுத்து வைக்கிறேன். தவறாகக் கழித்ததை எதிர்த்துக் கேட்க வேறு ஆதாரம் நம்மிடம் இருக்காது.

அஞ்சலா, கூரியரா

மேலே சொன்ன முதல் பெட்டிக்கே திரும்புவோம். நாடுகளுக்கு இடையே அஞ்சல் போவதற்கான விதிகளை வகுக்கும் உலக அஞ்சல் ஒன்றியம் 1874 இல் தொடங்கியது. அதன் விதிப்படி வெளிநாட்டுக்குப் போகும் சிறு பொட்டலம் 2 கிலோ வரை இருக்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 செ.மீ.க்குள்ளும், எந்த ஒரு பக்கமும் 60 செ.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். 40, 30, 20 மூன்றையும் கூட்டினால் சரியாக 90. எக்ஸ்பிரஸ் நிறுவனம் 5 கிலோ என்று பில் போடும் அதே பெட்டியை, பல நாட்டு அஞ்சல் துறைகள் ஒன்றரைக் கிலோ என்றே எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் அஞ்சல்தானே மேல்? லேசான, பருமனான, அவசரமில்லாத பொருளுக்கு ஆம், சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கில் இன்னும் இரண்டு வரி உண்டு. மெதுவாகப் போகும் பார்சலுக்கு “எங்கே வருகிறது?” என்ற கேள்விகள் அதிகம் வரும், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவது உங்கள் நேரம். பதிவு செய்யாத மலிவான அஞ்சலில் ட்ராக்கிங் முழுமையாக இருக்காது. வாங்கியவர் “வரவில்லை” என்றால், சந்தை நிறுவனம் பெரும்பாலும் அவர் பக்கம்தான் நிற்கும். இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து என 13 இடங்கள் கொண்ட எண் கிடைக்கும் அஞ்சல் சேவையாகப் பார்த்து எடுங்கள். போகும் நாட்டு அஞ்சல் துறையும் அந்த எண்ணைப் புரிந்துகொள்ளும்.

கனமான, சிறிய, விலை கூடிய பொருளுக்கு நான் யோசிக்காமல் கூரியர் என்பேன். வீட்டுக்கே வந்து எடுத்துப் போவார்கள், கையெழுத்து வாங்கித் தருவார்கள், பார்சல் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

சந்தைத் தளமே விற்கும் லேபிளையும், அதாவது டெலிவரிக் கட்டணம் கட்டிய முகவரிச் சீட்டையும், ஒரு தேர்வாக வைத்துப் பாருங்கள். அவர்கள் மொத்தமாகப் பேசி வாங்குவதால் கவுன்டர் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. ட்ராக்கிங் எண்ணும் தானாகவே ஆர்டரில் ஏறிவிடும். பிரச்சினை வரும்போது இதன் அருமை தெரியும்.

இலவச டெலிவரியா, தனிக் கட்டணமா

இதில்தான் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். பொருளின் விலை 400, டெலிவரி செலவு சராசரி 80 என்று வைப்போம். 480 என்று விலை போட்டு “டெலிவரி இலவசம்” என்று எழுதலாம். 400 என்று போட்டு 80 ஐத் தனியாக வாங்கலாம்.

டெலிவரியைத் தனியாக வாங்கினால் கமிஷன் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈபே தன் கட்டணத்தை டெலிவரியும் சேர்ந்த மொத்தத் தொகையின் மேல்தான் கணக்கிடுகிறது. கைவினைப் பொருள் சந்தையான எட்ஸியும் அப்படித்தான், 2022 ஏப்ரல் முதல் அங்கே 6.5 சதவீதம். அப்படிப்பட்ட தளங்களில் இரண்டு வழியிலும் கமிஷன் ஒன்றே. பொருளின் விலைக்கு மட்டும் கமிஷன் எடுக்கும் தளம் என்றால்தான் தனிக் கட்டணத்துக்கு லாபம்.

இலவச டெலிவரியின் பலம் தேடல் பட்டியலில் இருக்கிறது. வாங்குபவர் கடைசித் திரையில் 80 கூடுவதைப் பார்த்துவிட்டு வெளியே போவது எல்லோருக்கும் தெரிந்ததே. தளங்களும் அந்தப் பக்கம்தான் தள்ளுகின்றன. 2019 இல் எட்ஸி, அமெரிக்க வாடிக்கையாளர்களின் தேடலில், 35 டாலருக்கு மேல் இலவசமாக அனுப்பும் கடைகளுக்கு முன்னுரிமை கொடுத்தது.

பலவீனம் அந்தச் சராசரியில் இருக்கிறது. பக்கத்து மண்டலத்துக்கு 50, தூர மண்டலத்துக்கு 140 என்றால் சராசரி 95 என்று எடுத்துவிடக் கூடாது. பத்தில் ஆறு ஆர்டர் பக்கத்திலிருந்தும் நான்கு தூரத்திலிருந்தும் வந்தால் 300 உடன் 560 ஐக் கூட்டிப் பத்தால் வகுக்க வேண்டும். ஓர் ஆர்டருக்கு 86 வருகிறது. நாம் விலையில் சேர்த்ததோ 80. ஒவ்வொரு ஆர்டரிலும் 6 கையைவிட்டுப் போகிறது, அது நம் கண்ணில் படுவதே இல்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. 480 என்று விலை போட்டால் பக்கத்தில் இருப்பவர் கூடுதலாகக் கொடுக்கிறார். அவருக்கு வேறொரு கடையில் மலிவாகக் கிடைக்கும், போய்விடுவார். தூரத்துக்காரருக்கு நம் விலை லாபம், அவர் வருவார். நாளாக ஆக அந்த ஆறுக்கு நான்கு என்ற விகிதமே நமக்கு எதிராகத் திரும்பும். அதனால் இந்தச் சராசரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் போட வேண்டும்.

ஒருவரே மூன்று பொருள் வாங்கும்போது நிலைமை வேறு. இலவச டெலிவரி விலையில் அவர் டெலிவரிக்காக மறைமுகமாக 240 கொடுக்கிறார். மூன்றையும் ஒரே பெட்டியில் அனுப்ப நமக்கு 130 ஆகலாம். 110 மிச்சம் என்று சந்தோஷப்பட வேண்டாம். பல பொருள் வாங்குபவர் இந்தக் கணக்கை நன்றாகப் போடுவார். அவருக்குச் சேர்த்து அனுப்பும் தள்ளுபடி வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். விலையோடு ஒப்பிட டெலிவரி செலவு சிறிதாகவும், தூரத்தால் அதிகம் மாறாமலும் இருந்தால் இலவசம் என்று போடுங்கள். பருமனான பொருள், தூரத்துக்குத் தூரம் கட்டணம் எகிறும் பொருள் என்றால், வாங்குபவரின் முகவரியை வைத்துத் தளமே கணக்கிடும் கட்டணம்தான் நேர்மையானது, பாதுகாப்பானதும்கூட. சின்னச் சின்னப் பொருள்கள் விற்பவர்களுக்கு ‘இத்தனைக்கு மேல் வாங்கினால் இலவசம்’ என்பது நன்றாக வேலை செய்யும். அந்த எல்லையை உங்கள் வழக்கமான ஆர்டர் தொகைக்குச் சற்று மேலே வையுங்கள். வழக்கமான ஆர்டர் 400 என்றால் 550 அல்லது 600. 1500 என்று வைத்தால் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

ரிட்டர்ன் வரும்போதும் இந்த இரண்டு வழியும் வேறுபடும். இலவச டெலிவரியில் வாங்கியவருக்கு 480 முழுவதும் திரும்பப் போகிறது. போகச் செலவழித்த 80 நம் நஷ்டம். தனிக் கட்டணத்தில் அதைத் தர வேண்டுமா என்பது நாட்டுச் சட்டத்தையும் தளத்தின் விதியையும் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஆன்லைனில் வாங்கியவர் 14 நாளுக்குள் மனம் மாறிவிட்டால், வழக்கமான டெலிவரிக் கட்டணத்தையும் வியாபாரி திருப்பித் தர வேண்டும்.

நாமே பேக் செய்வதா, அவர்கள் கிடங்கா

அமேசான் 2006 இல் தொடங்கிய கிடங்குச் சேவை இன்று பல சந்தைகளில் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. சரக்கை மொத்தமாக அங்கே அனுப்பிவிட்டால் அவர்களே பேக் செய்து அனுப்புவார்கள். வாங்குபவருக்குப் பக்கத்துக் கிடங்கிலிருந்து போவதால் டெலிவரி வேகம். உங்கள் மாலை நேரமும் மிச்சம்.

கிடங்கு வாடகை இடத்துக்கு, அதாவது கன அளவுக்கு. நாள்பட்ட சரக்குக்குக் கூடுதல் கட்டணம். அமேசானில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடகை மற்ற மாதங்களைவிட அதிகம். ஆக, சிறியதாக, வேகமாக நகரும் பொருளுக்குக் கிடங்கு அருமை. மாதத்துக்கு இரண்டு விற்கும் பெரிய பொருளுக்கு அது மெதுவாக ஒழுகும் பானை. ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள கைவேலைப் பொருளை அங்கே அனுப்புவதில் அர்த்தமே இல்லை. எட்டு வாரத்தில் தீர்ந்துவிடும் அளவுச் சரக்கை மட்டும் அனுப்பிப் பாருங்கள், மீதி உங்களிடமே இருக்கட்டும்.

காப்பீடு வாங்கலாமா

200 பார்சலில் இரண்டு தொலைகிறது, பொருளின் விலை 400 என்றால், நஷ்டம் 800. ஒரு பார்சலுக்குப் பங்கிட்டால் 4. காப்பீட்டுக்குப் பார்சலுக்கு 10 கேட்டால் வாங்காதீர்கள். அந்த நாலை விலையிலேயே சேர்த்துத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு பார்சல் தொலைந்தால் அந்த மாத வருமானமே போய்விடும் என்கிற விலையுள்ள பொருளுக்கு மட்டும் யோசிக்காமல் காப்பீடு எடுங்கள். எடுக்கும் முன் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். கண்ணாடி, நகை போன்றவை பல நேரம் அதில் இருக்கும்.

வெளிநாட்டுக்கு: வரியை யார் கட்டுவது

வரியை வாங்குபவர் அங்கே கட்டிக்கொள்ளட்டும் என்று அனுப்புவது ஒரு வழி. வாங்கும்போதே வரியையும் சேர்த்து வசூலித்து, நம் பக்கமே கட்டி அனுப்புவது இன்னொரு வழி. சில வருடங்களுக்கு முன்புவரை சின்னப் பார்சல்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக எழவில்லை, விலக்குகள் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கை 2021 ஜூலை 1 அன்று நீக்கியது. அமெரிக்கா 800 டாலர் வரை இருந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது.

முதல் வழியில் பட்டியல் விலை குறைவாகத் தெரியும். ஆனால் வாசலில் வந்து நிற்கும் ஆள் வரியும், அதன் மேல் கையாளும் கட்டணமும் கேட்டால் வாங்கியவர் பார்சலையே வேண்டாம் என்றுவிடலாம். அப்போது போன செலவு, திரும்பி வரும் செலவு இரண்டும் நமக்கு. பல நேரம் பொருளை அங்கேயே விட்டுவிடுவது மலிவாக இருக்கும். இரண்டாம் வழியில் விலை கூடுதலாகத் தெரிவதால் சில ஆர்டர்கள் குறையும், வருகிற ஆர்டர் திரும்பாமல் நிலைக்கும். ஐரோப்பாவுக்கு 150 யூரோ வரையுள்ள பார்சல்களுக்குச் சந்தைத் தளமே வாட் வசூலித்துக் கட்டிவிடும் ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் தளத்துக்கு உள்ள பதிவு எண்ணைச் சுங்கத் தகவலில் சேர்க்க மறந்தால் வாங்கியவர் அதே வரியை இரண்டாவது முறை கட்ட நேரிடும். நான் வெளிநாட்டுக்கு இரண்டாம் வழியில் மட்டுமே அனுப்புகிறேன். அது முடியாத நாடுகளை டெலிவரிப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.